சீட்டைப் பிடிச்ச கை, போனைப் பிடிச்ச கை

போன மாசம் திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா நமக்குக் குரல் பதிவு ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. அவங்க பையன் பதினொண்ணாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடத்துல சைக்கிள் குடுத்தாங்க. ஒரு வாரத்துல மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாத்தையும் கழட்டி மொட்டை மாடியில போட்டுட்டான். சாயங்காலம் ஆனா நாலு பயலுக சேர்ந்து கிளம்பிடுறானுங்க. முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுறது, திண்டு மேல ஏத்திக் குதிக்கிறது, அதை ஒருத்தன் போன்ல எடுக்கிறது. முட்டியெல்லாம் சிராய்ப்பு. "தம்பி, இதை நிறுத்தச் சொல்லவா, விட்டுடவா? நாலு பேரு கேக்குறாங்க"ன்னு அந்த அக்கா கேட்டிருந்தாங்க.

ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போற கேள்வி இல்ல இது. அதனால இந்த அத்தியாயம் முழுசும் அதைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்தப் பையன் செய்றதுக்கு உலகத்துல ஒரு பேரு இருக்கு, அறுபது வருஷ வரலாறு இருக்கு. நம்ம ஊர்ல அதுக்கும் முந்தைய ஒரு சொந்தக்கார வித்தை இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டு, கடைசியில அக்காவுக்குப் பதில் சொல்றேன்.

இருபது இஞ்ச் சக்கரம்

முதல்ல அந்தப் பேரு. பிஎம்எக்ஸ். பைசிக்கிள் மோட்டோகிராஸ்ங்கிறதோட சுருக்கம். 1963ல அமெரிக்காவில ஷ்வின் கம்பெனி ஸ்டிங்ரேன்னு ஒரு சின்னப் பசங்க சைக்கிளைக் கொண்டு வந்தாங்க. இருபது இஞ்ச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார், நீள சீட்டு. தெற்கு கலிபோர்னியா பசங்க அதை எடுத்துக்கிட்டு மண்மேட்டுல ஏறி, மோட்டார் சைக்கிள் பந்தயக்காரங்க மாதிரியே குதிக்க ஆரம்பிச்சாங்க. யாரும் கத்துக் குடுக்கல. பெரியவங்க பைக்ல செய்றதைப் பார்த்து, கையில இருந்த சைக்கிள்ல செஞ்சு பார்த்தாங்க, அவ்வளவுதான்.

1971ல புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சண்டே'ன்னு ஒரு ஆவணப்படம் வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயம் பத்தின படம். ஆனா அது தொடங்கும்போது திரையில வர்றது சைக்கிள்ல மண்ணைக் கிளப்புற சின்னப் பசங்க. அதைப் பார்த்த மத்த ஊர்ப் பசங்களும் அவங்கவங்க சைக்கிளை எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க. ஆக, இந்த விளையாட்டு ஊர் விட்டு ஊர் பரவினதுலயே ஒரு படத்துக்குப் பங்கு இருக்கு. வீடியோ பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட விஷயம் இல்ல, ஆரம்பத்துலயே கூட இருந்திருக்கு.

அதுக்கப்புறம் பல கிளைகள். மண்தடத்துல போற பந்தயம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல சேர்ந்தது. சரிவுகள் கட்டின மைதானத்துல வித்தை காட்டுற ஃப்ரீஸ்டைல் டோக்கியோவுல சேர்ந்தது. ஆனா தெருவுல ஓட்டுறது, அதாவது படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்டு, சுவர்னு கண்ணுல படுறதுல எல்லாம் ஓட்டுற ஸ்ட்ரீட், ஒலிம்பிக்ல இல்ல.

டோக்கியோவுல பெண்கள் பிரிவுல தங்கம் வாங்கின சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றுல விழுந்துட்டாங்க. ரெண்டாவது சுற்றுல, காத்துல முழுசா ஒரு சுத்து சுத்திக்கிட்டே பின்பக்கமா குட்டிக்கரணம் அடிச்சு இறங்கி, 97.50 மதிப்பெண் வாங்கினாங்க. அங்க மொத்தமே ரெண்டு வாய்ப்பு, அதுல நல்லது கணக்கு. தெருவுல அப்படிக் கிடையாது. நாப்பது தடவை விழுந்து நாப்பத்தொண்ணாவது தடவை இறங்கினாலும் அது கணக்குதான். ஆனா அந்த நாப்பதையும் யாரு கூட நின்னு பார்ப்பா? நடுவர் பார்க்க மாட்டாரு. சிநேகிதன்தான் பார்ப்பான்.

மந்தையில சுத்தின சைக்கிள்

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்கு"ன்னு யாராவது சொன்னா, எனக்கு நம்ம ஊரு மந்தைதான் ஞாபகம் வரும். நாப்பது வயசு தாண்டின மதுரை, தேனி, ராமநாதபுரம் ஆளுங்களுக்குச் சொன்னாலே புரியும். சைக்கிள் வித்தை. "ஊருக்குள்ள சைக்கிள் சுத்துறான்"னு சொல்வாங்க.

உசிலம்பட்டிப் பக்கம் நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்திருக்கேன். மந்தையில ஒரு வட்டம் போடுவாங்க. நடுவுல ஒரு கம்பம், அதுல குழாய் ரேடியோ. ஒருத்தர் சைக்கிள்ல ஏறினார்னா நாலஞ்சு நாள், சில ஊர்ல ஒரு வாரம், காலைத் தரையில ஊன மாட்டார். சாப்பாடு, குளியல், பல் விளக்குறது எல்லாம் சைக்கிள் மேலயே. பகல்ல சும்மா சுத்துவாரு. ராத்திரி ஊரு கூடினதும் வித்தை. ஹேண்டில்பார்ல உக்காந்து பின்பக்கமா ஓட்டுவாரு, முன் சக்கரத்தைத் தூக்குவாரு, ஓடுற சைக்கிள்ல இருந்து குனிஞ்சு தரையில கிடக்கிற கைக்குட்டையை எடுப்பாரு. நடுநடுவுல ட்யூப் லைட் உடைக்கிறது, பாட்டுக்கு ஆடுறதுன்னு அவரோட கூட்டாளிங்க கலகலப்பாக்குவாங்க. கடைசி நாள் ஊர்ப் பெரியவங்க மாலை போட்டு இறக்குவாங்க, சட்டையில நோட்டு குத்துவாங்க.

அவர் ஓட்டின சைக்கிள் என்ன? கடைத்தெருவுல மூட்டை ஏத்துற அதே பெரிய சைக்கிள்தான். இருபது இஞ்ச் சக்கரமும் கிடையாது, மேட் இன் கலிபோர்னியாவும் கிடையாது. இதெல்லாம் பார்த்து வளர்ந்த ஊர்ல, ஒரு பையன் முன் சக்கரத்தைத் தூக்கினா அது வெளிநாட்டு மோகம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இன்னொண்ணு கவனிங்க. அந்த வித்தைக்காரர் தனியா வர மாட்டார். கூட ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. மைக்ல பேசுறவர் ஒருத்தர், ராத்திரி மூணு மணிக்கு அவர் கண் அசந்துடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே கூடவே வட்டத்துல நடக்கிறவர் ஒருத்தர். மாலை விழுறது ஒருத்தர் கழுத்துலதான். ஆனா கூட நடக்க ஆள் இல்லாம அந்த ஒரு வாரம் நடக்காது.

இதுல ஒரு வருத்தமும் இருக்கு. அத்தனை ஊர்ல, அத்தனை வருஷம் நடந்த அந்த வித்தைக்கு, நான் பார்த்த வரைக்கும் ஒரு நிமிஷ ஓடுற படம்கூட யார் வீட்லயும் இல்ல. டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்த்த காலம்தான் அது. கல்யாண வீடியோக்காரர் தெருவுக்கு ஒருத்தர் இருந்தாரு. ஆனா மந்தையில சைக்கிள் சுத்துறவரைப் படம் பிடிச்சு வைக்கணும்னு யாருக்கும் தோணல. இன்னைக்கு அந்த ஆளுங்க பேருகூட நமக்குத் தெரியாது.

பின்னாடி ஓடி வர்றவன்

சைக்கிள் கத்துக்கிறதையே எடுத்துக்கோங்க. மணிக்கு இத்தனை காசுன்னு வாடகை சைக்கிள் எடுத்து, கால் எட்டாம பாருக்கு நடுவுல காலை விட்டு குரங்கு பெடல் அடிச்ச தலைமுறை நம்மோடது. ராசி அழகப்பன் எழுதின 'சைக்கிள்'ங்கிற கதையை வச்சு கமலக்கண்ணன் இயக்கத்துல 2024ல 'குரங்கு பெடல்'னு படமே வந்தது. அப்போ சீட்டுக்குப் பின்னால பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் ஓடி வருவான். "விட்டுடாதடா, விட்டுடாதடா"ன்னு நாம கத்துவோம். "பிடிச்சிருக்கேன், நீ மிதி"ம்பான். திரும்பிப் பார்த்தா இருபதடி தள்ளி இடுப்புல கை வச்சு சிரிச்சுட்டு நிப்பான்.

மதுரையில இருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துல புதுக்கோட்டை. தொண்ணூறுகளோட தொடக்கத்துல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்துக் கத்துக்கிறதோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்தாங்க. விவசாயக் கூலி, கல் குவாரித் தொழிலாளி, பள்ளி ஆசிரியைன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. ஊரே கேலி பேசின காலம் அது. பத்திரிகையாளர் சாய்நாத் அதை விரிவா எழுதியிருக்கார். தனியா ஒரு பொண்ணு போயிருந்தா ஒரே நாள்ல நின்னு போயிருக்கும். ஒருத்தி சீட்டை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு கூட்டமா ஓடினதாலதான் நடந்தது.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, அன்னைக்கு சீட்டைப் பிடிச்ச கைதான் இன்னைக்கு போனைப் பிடிச்சிருக்கு. ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுது. "நீ மிதி, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்"னு சொல்ற வேலை.

மட்கார்டை ஏன் கழட்டுறான்?

இப்போ அந்த அக்காவோட கோபத்துக்கு வர்றேன். சைக்கிளை ஏன் பிரிச்சுப் போட்டான்?

நம்ம அரசு 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக சைக்கிள் குடுக்கத் தொடங்கி, 2005-06ல இருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில பதினொண்ணாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும்னு விரிவாக்கினாங்க. அந்த சைக்கிள் பள்ளிக்கூடம் போக, பை வைக்க, தங்கச்சியைப் பின்னாடி உக்கார வைக்கச் செஞ்சது. நீளமான சட்டம், பெரிய சக்கரம், நேரா நிமிர்ந்து உக்கார்ற சீட்டு. நேர்கோட்டுல நிலையா போகும்.

பிஎம்எக்ஸ் அதுக்கு நேரெதிர். சக்கரம் சின்னது, சட்டம் குட்டை, பின் சக்கரம் ஓட்டுறவனுக்கு ரொம்ப நெருக்கத்துல இருக்கும். அதனால உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ச்சாலே முன் சக்கரம் எழும்பும். சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கும், ஏன்னா அவன் உக்கார்றதே இல்ல. கியர் மாத்துறது கிடையாது. சக்கர அச்சுல பெக்ஸ்னு சொல்ற குழாய் மாட்டியிருப்பாங்க, கம்பி மேல சறுக்கிப் போக. நம்ம பையன்கிட்ட அது இல்ல. அதனால இருக்கிற சைக்கிள்ல எடையைக் குறைச்சு, சீட்டை இறக்கி, அதுக்குப் பக்கத்துல கொண்டு வரப் பார்க்கிறான். சரியோ தப்போ, அவன் தலையில ஒரு கணக்கு ஓடியிருக்கு. அன்னைக்கு ஸ்டிங்ரேயைப் பிரிச்சு மாத்தின பசங்க தலையில ஓடின அதே கணக்கு.

ஆனா தம்பிகளா, ஒண்ணு கேட்டுக்கோங்க. எதை வேணும்னாலும் கழட்டுங்க, பிரேக்கைக் கழட்டாதீங்க. வீலிங் அடிக்கும்போது முன் சக்கரம் அளவுக்கு மேல எழும்பி மல்லாக்க விழப் போறீங்கன்னா, பின் பிரேக்கை லேசா தொட்டா முன் சக்கரம் தானா இறங்கிடும். அதனால விரல் எப்பவும் பின் பிரேக் மேல இருக்கணும். அப்புறம், பள்ளிக்கூட சைக்கிள் சட்டம் உயரத்துல இருந்து குதிக்கிறதுக்குச் செஞ்சது இல்ல. வெல்டிங் இருக்கிற இடத்துல கீறல் விழுந்திருக்கான்னு வாரா வாரம் பாருங்க. பாரும் ஹேண்டில்பாரும் சேர்ற கழுத்துப் பக்கம் முக்கியமா பாருங்க.

படம் எடுக்கிறவன் யாரு?

2009 ஏப்ரல்ல யூடியூப்ல ஒரு வீடியோ வந்தது. ஸ்காட்லாந்துல எடின்பரோ நகரத்துல ஒரு சைக்கிள் கடையில மெக்கானிக்கா இருந்த டேனி மெக்காஸ்கில், ஊருக்குள்ள இருக்கிற சுவர், படிக்கட்டு, கூர்முனை வச்ச இரும்பு வேலின்னு எல்லாத்து மேலயும் ஓட்டுற ஐந்தரை நிமிஷப் படம். அவர் ஓட்டினது பிஎம்எக்ஸ் இல்ல, ட்ரையல்ஸ்னு வேற ஒரு வகை. ஆனா அது தெரு சைக்கிள் உலகத்தையே மாத்தின படம். அதை எடுத்தது யாரு? அவரோட ஒரே வீட்ல வாடகைக்குத் தங்கியிருந்த சிநேகிதன் டேவ் சோவர்பி. ரெண்டு பேருக்கும் நேரம் கிடைக்கும்போதெல்லாம் மாசக்கணக்குல எடுத்தது. டேனி பேரு உலகத்துக்கே தெரியும். டேவ் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொருத்தர் கதை. ஸ்பைக் ஜோன்ஸ்னு ஹாலிவுட் இயக்குநர், 'ஹெர்' படத்துக்கு எழுத்துக்கான ஆஸ்கர் வாங்கினவர். அவர் பள்ளிக்கூடப் பையனா இருந்தப்போ மேரிலாந்துல ஒரு பிஎம்எக்ஸ் கடையில வேலை பார்த்தாரு. அந்த வழியா வந்து போன ஓட்டக்காரங்களைப் படம் பிடிச்சு, அப்படியே 'ஃப்ரீஸ்டைலின்'ங்கிற பிஎம்எக்ஸ் பத்திரிகைக்குப் புகைப்படக்காரரா போனாரு. அங்கிருந்துதான் சினிமா. நாலு பயலுகள்ல போனைப் பிடிச்சிருக்கிறவனும் ஏதோ கத்துக்கிட்டுத்தான் இருக்கான். சக்கரம் எழும்புறதுக்கு முன்னாடியே பதிவை ஆரம்பிக்கணும், இறங்கி நாலு மிதி மிதிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது, போனை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடிச்சா குதிக்கிற உயரம் தெரியும், வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்துலயும் அவனுக்கு வரல.

நம்ம ஊர்ல இது எப்போ வந்தது? 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து நெட் விலை விழுந்ததுக்கு அப்புறம்தான் கிராமத்துப் பையனும் தினம் வீடியோ பார்க்க, ஏத்த முடிஞ்சது. டிக்டாக் வந்தது. மேலூர்ல, சோழவந்தான்ல, பேரையூர்ல இருக்கிற பசங்க ஒருத்தர் வீலிங்கை ஒருத்தர் பார்த்தாங்க. 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கைத் தடை பண்ணிட்டாங்க. அரசியல் காரணம் வேற. நான் சொல்றது வேற விஷயம். அந்த ஒரே ராத்திரியில எத்தனையோ பசங்களோட ரெண்டு வருஷ ஓட்டம் கண்ணுக்கு மறைஞ்சு போச்சு. பத்து நாள்ல இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

மந்தையில சுத்தினவருக்குப் படம் எடுக்க ஆள் இல்ல. இவங்களுக்குப் படம் இருந்தும், வச்சிருந்த பெட்டி அடுத்தவனுது. அதனால தம்பிகளா, நல்லா வந்த வீடியோ ஒவ்வொண்ணையும் ஒரு மெமரி கார்டுல போட்டு, தேதி, ஊரு, எடுத்தவன் பேரு எழுதி வைங்க. நீங்க நாலு பேரும் முப்பது வயசுல ஆளுக்கொரு ஊர்ல இருப்பீங்க. அப்போ தேடுவீங்க.

ஒரு படம் என்ன செய்யும்ங்கிறதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே சாட்சி இருக்கு. மாமல்லபுரத்துல கமலின்னு ஒரு சின்னப் பொண்ணு, கவுன் போட்டுக்கிட்டு, வெறுங்கால்ல ஸ்கேட்போர்டுல சரிவுல இறங்குற புகைப்படம். எடுத்தவர் ஜேமி தாமஸ், அவரே பெரிய ஸ்கேட்போர்டு வீரர். டோனி ஹாக் அதைப் பகிர்ந்ததும் உலகமே பார்த்தது. சாஷா ரெயின்போ 'கமலி'ன்னு எடுத்த ஆவணப்படம் 2020ல பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையாச்சு. அந்தப் படத்துல பாதி, பொண்ணை வெளிய விளையாட விட்டதுக்காக ஊர்ப் பேச்சைத் தாங்கின அம்மாவைப் பத்தினது. மதுரையில தெருவுல வீலிங் அடிக்கிற கூட்டத்துல பொண்ணுங்களை நான் இதுவரைக்கும் பார்க்கல. அண்ணனோட சைக்கிளை எடுத்துப் பார்க்க ஆசைப்படுற தங்கச்சி இருந்தா, டேய், சீட்டைப் பிடிச்சுக்கோ.

எங்க ஓட்டுறது?

1976, 77ல கலிபோர்னியாவுல பெரிய வறட்சி. வீட்டு நீச்சல் குளமெல்லாம் காஞ்சு கிடந்தது. ஸ்கேட்போர்டு பசங்க அதுக்குள்ள இறங்கி, வளைஞ்ச சுவர்ல ஏறிப் பழகினாங்க. இன்னைக்கு உலகத்துல கட்டுற ஸ்கேட் மைதானத்துல கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கே, அது அந்தக் காஞ்ச குளத்தோட நகல்தான்.

காஞ்ச குளம்னதும் மதுரைக்காரங்களுக்கு சிரிப்பு வரும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷம் வறண்டு கிடந்தப்போ உள்ள கிரிக்கெட் விளையாடின தலைமுறை நாம. இப்போ தண்ணி நிக்குது, பார்க்கவே நிறைவா இருக்கு. சந்தோஷம்தான். ஆனா விளையாடின பசங்க எங்க போனாங்கன்னும் கேட்கணும் இல்லையா? தமுக்கம் மைதானத்துல மாநாட்டு மையம் வந்துடுச்சு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி சித்திரை வீதி வழவழன்னு இருக்கு, வண்டி வராது. ஆனா அது சாமி கும்பிட வர்ற சனம் நடக்கிற இடம், அங்க வித்தை காட்டக் கூடாது. மாசி வீதியிலயும் வெளி வீதியிலயும் கடைத்தெரு நெரிசல், நடக்கவே இடம் இல்ல.

அதனால பசங்க ஊருக்கு வெளிய போறாங்க. ரிங் ரோட்டைத் தாண்டினா ரெண்டு பக்கமும் பிளாட் போட்ட இடம். வளைவு வச்சு, தார் ரோடு போட்டு, கல் நட்டு, ஒரு வீடுகூட கட்டாம கிடக்கும். மதுரையைச் சுத்தி பிஎம்எக்ஸுக்குன்னு யாரும் கட்டாமலே அமைஞ்ச மைதானம் அதுதான். அடுத்தது கிராமத்து சிமெண்டு களம். அறுப்பு இல்லாத மாசத்துல காலியா, தண்ணி மட்டம் வச்ச மாதிரி சமமா கிடக்கும். ஃப்ளாட்லேண்டுன்னு பிஎம்எக்ஸ்ல ஒரு வகை இருக்கு. குதிக்கிறது இல்ல, சமதரையில சைக்கிளைச் சுத்திச் சுத்தி, ஒரு சக்கரத்துல நின்னு ஆடுற மாதிரி. அதுக்கு இதைவிட நல்ல தரை காசு குடுத்தாலும் கிடைக்காது. மூணாவது, கோடையில காஞ்ச கண்மாய். அடி மண்ணு இறுகிக் கிடக்கும், விழுந்தாலும் தார் ரோடு அளவுக்குத் தோலை உரிக்காது.

ஒரே ஒரு மரியாதை. களத்துல நெல்லு காயுதுன்னா திரும்பி வந்துடணும். பிளாட் இடத்துக்குக் காவல்காரர் இருந்தா, "அண்ணே, ஒரு மணி நேரம் ஓட்டிக்கிறோம்ணே"ன்னு கேட்டுட்டு ஓட்டணும். கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. கேக்காம போனாத்தான் விரட்டுவாங்க.

சைக்கிள்ல இருந்து பைக்குக்கு

இப்போ அந்த அக்காவோட உண்மையான பயத்துக்கு வர்றேன். சிராய்ப்பு இல்ல அவங்க பயம். இது எங்க போய் முடியும்ங்கிறதுதான்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். 2023 செப்டம்பர்ல ஒரு பிரபல பைக் யூடியூபர் காஞ்சிபுரம் பக்கம் நாலுவழிச் சாலையில முன் சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தாரு. கைது, சிறை, பத்து வருஷத்துக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து. அவரைப் பார்த்து வளர்ற பசங்க நம்ம ஊர்லயும் நிறைய.

பதினெட்டு வயசு ஆகாத பையன் பைக்கை எடுத்துட்டுப் போய் குற்றம் செஞ்சா, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல சேர்த்த 199ஏ பிரிவுப்படி, பெத்தவங்களுக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூணு வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட பதிவு பன்னிரண்டு மாசத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

ஆனா பாருங்க, சைக்கிள்ல வீலிங் அடிக்கிற பையன் பைக்குக்கு எப்போ தாவுறான்? என் கண்ணுல பட்ட வரைக்கும் ரெண்டு நேரத்துல. ஒண்ணு, ஓட்டுன இடத்துல இருந்து எல்லாம் விரட்டிவிட்ட பிறகு. சாயங்காலம் களத்துல நின்னவன், ராத்திரி நாலுவழிச் சாலைக்குப் போறான். ரெண்டாவது, படம் எடுக்கிற சிநேகிதன் மாறினப்போ. முன்னாடி நின்னவன் இவன் விழுந்தா போனைக் கீழ போட்டுட்டு ஓடி வருவான். பிறகு வந்தவன் விழுறதையும் எடுத்துட்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா வாடா, வியூஸ் வரும்"ம்பான்.

நல்ல படம்பிடிக்கிறவனுக்கு ஒரு உரிமை இருக்கு. "மாப்ள, வேண்டாம்டா, இன்னைக்கு நீ களைச்சுட்ட, நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்ற உரிமை. அப்பா சொன்னா கேக்க மாட்டான், வாத்தியார் சொன்னா கேக்க மாட்டான். நாப்பது தடவையும் கூட நின்னவன் சொன்னா கேப்பான். ராத்திரி மூணு மணிக்கு வட்டத்துல கூட நடந்தாரே, அவருக்கு இருந்த உரிமை அது.

அக்கா, இப்போ உங்களுக்கு என் பதில். நிறுத்தாதீங்க. அப்படியே விட்டுடவும் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அவனுங்க ஓட்டுற இடத்துக்கு நீங்களே போங்க. நாலு பேருக்கும் டீயோ சர்பத்தோ வாங்கிக் குடுத்து, ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. உங்க பையனைவிட போன் பிடிச்சிருக்கிற பையனை நல்லா கவனிங்க. இவன் விழுந்ததும் அவன் கை என்ன செய்யுதுன்னு பாருங்க. போனை விட்டுட்டு ஓடி வந்தான்னா, நீங்க நிம்மதியா வீட்டுக்கு வரலாம். ஹெல்மெட் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பிரேக் இருக்கான்னு பாருங்க, பைக் சாவியை உங்க கையில வச்சுக்கோங்க.

கழட்டின மட்கார்டைக் கடைக்குப் போட்டுடாதீங்க. மழைக்காலத்துல அவனே தேடுவான்.

மதுரை மாநகராட்சியில, ஊராட்சியில பொறுப்புல இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேண்டுகோள். பெரிய செலவு வேண்டாம். பூங்கா ஒண்ணுல ஒரு மூலையில, டென்னிஸ் களம் அளவுக்கு சமமா சிமெண்டு தரை, முழங்கால் உயரத்துல ஒரு திண்டு, ஒரு சரிவு, ஒரு விளக்கு. நம்ம கொத்தனார் ஒரு வாரத்துல முடிச்சுடுவாரு. அந்த விளக்கு எரியுற வரைக்கும் எத்தனை பசங்க நாலுவழிச் சாலைக்குப் போகாம இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

உங்க ஊர் மந்தையில சைக்கிள் சுத்தினவரை ஞாபகம் இருக்கிறவங்க, அவர் பேரு தெரிஞ்சா, ஒரு பழைய புகைப்படம் இருந்தா, நமக்கு அனுப்பி வைங்க. அவங்களுக்குன்னே ஒரு அத்தியாயம் பண்ணலாம்னு இருக்கு.